ராத்திரி பத்து மணிக்கு மேல வாங்க!

எங்க ஊர் காஞ்சிபுரம். பட்டுக்குப் பேர் போன ஊர். கோயிலுக்குப் பேர் போன ஊர். இட்லிக்கும் பேர் போன ஊர். இன்னொன்றுக்கும் பேர் போயிருந்தது. அதை மட்டும் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

யானைக்கால்!

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு? காஞ்சிபுரமா? வேட்டியை ஒரு ஜாண் தூக்கிக் காட்டச் சொல்லுங்க" என்று வெளியூர்க்காரர்கள் கிண்டலடித்த காலம் அது. சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் கண் என்னவோ கணுக்காலில்தான் இருக்கும்.

1979. எனக்குப் பன்னிரண்டு வயசு. பிள்ளையார்பாளையத்தில் வீடு. முன்கட்டில் தறி, பின்கட்டில் சாக்கடை, நடுவில் நாங்கள் ஒன்பது பேர். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் ரெண்டு பேர். ஒருத்தர் கையில் டார்ச் லைட், இன்னொருத்தர் கையில் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய மரப்பெட்டி.

"யானைக்கால் தடுப்பு ஆபீஸ்லேர்ந்து வரோம். எல்லார்கிட்டயும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணும்."

அத்தை அலறிவிட்டாள். "ராத்திரியில ரத்தம் குடிக்கறது காட்டேரிதானே! பகல்ல வந்தா ஆகாதா?"

பெரியப்பாவைக் காணோம். நூறு பேர் கூடின கோர்வைக் கூலி தகராறில் கூட முன்னால் நின்று பேசுகிற மனுஷன். ஊசி என்றால் மட்டும் தொடை நடுங்கும். பின்னால் பார்த்தேன். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒரு பழைய போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். (குழித்தறி தெரியாதவர்களுக்கு: தறி தரை மட்டத்தில் இருக்கும். நெசவாளி தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். கைக்கு எவ்வளவு வேலையோ, காலுக்கும் அவ்வளவு வேலை.)

"வீட்டுப் பெரியவர் எங்கேம்மா?"

"அவர் ஊருக்குப் போயிருக்காருங்க" என்றாள் பெரியம்மா, அசராமல்.

அந்த நேரம் பார்த்துக் குழிக்குள்ளிருந்து 'பட்'டென்று ஒரு அறை விழுந்த சத்தம். தொடர்ந்து இன்னொரு 'பட்'!

பெட்டிக்காரர் சிரித்துவிட்டார். "ஊருக்குப் போனவரைக் கொசு கண்டுபிடிச்சிடுச்சும்மா. எங்களாலதான் முடியல."

பெரியப்பா வெளியே வரவே இல்லை. நான் வீரமாக விரலை நீட்டினேன். ஒரு வாரம் கழித்துச் சீட்டு வந்தது. வீட்டிலேயே ஒரே ஒரு ஆள் ரத்தத்தில்தான் யானைக்கால் கிருமி இருந்தது. அந்தப் பாக்கியசாலி யார் என்கிறீர்கள்? ஐயாதான்!

அழுகையே வந்துவிட்டது. குனிந்து காலைப் பார்த்தேன். கபடி ஆடின சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. பெரியப்பா தீர்ப்பு சொன்னார்: "இவன் காலு கொத்தவரங்காய் மாதிரி இருக்கு. இவனுக்கா யானைக்கால்? ராத்திரித் தூக்கக் கலக்கத்துல சீட்டை மாத்திட்டானுங்க."

சீட்டு மாறவில்லை. அந்தச் சீட்டு ஏன் சரி என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

வாட்ச் கட்டாத புழு

யானைக்காலுக்குக் காரணம் ஒரு நூல் புழு. 'உச்சரேரியா பான்கிராஃப்டி' என்று பெயர். (ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு காஞ்சிபுரம் இட்லி.) பெரிய புழுக்கள் நம் உடம்பின் நிணநீர்க் குழாய்களில் குடித்தனம் நடத்தும். பெண் புழு எட்டு, பத்து சென்டிமீட்டர் நீளம். ஆண் அதில் பாதிதான். ஐந்து முதல் எட்டு வருஷம் கூட உயிரோடு இருக்கும். அவை போடுகிற குஞ்சுகள், கால் மில்லிமீட்டர் நீளத்தில், லட்சக்கணக்கில் ரத்தத்தில் கலக்கும்.

இந்தக் குஞ்சுகளை மனித ரத்தத்தில் முதலில் பார்த்தவர் டாக்டர் திமோத்தி லூயிஸ். பார்த்த இடம் நம்ம கல்கத்தா, 1872-ல். அஞ்சு வருஷம் கழித்து, சீனாவில் அமாய் துறைமுகத்தில் இருந்த பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர், ரத்தத்தில் புழு இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் இருந்த அறையில் படுக்க வைத்தார். கடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். புழு கொசுவுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது! ஒரு பூச்சி இப்படி மனுஷனின் நோய்க்கிருமியை வளர்க்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அதே மேன்சன் இன்னொரு வேடிக்கையும் கண்டார். பகலில் எடுத்த ரத்தத்தில் புழு அபூர்வம். ராத்திரி எடுத்த ரத்தத்தில் கூட்டம் தாங்கவில்லை! பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்துவிட்டு, ராத்திரி பத்து மணி முதல் ரெண்டு மணி வரை தோலுக்குப் பக்கத்துக் குழாய்களுக்கு உலா வருகின்றன. ஏன்? அவற்றைச் சுமந்து போகிற கியூலெக்ஸ் கொசு சாப்பிடக் கிளம்பும் நேரம் அது. பஸ் வருகிற நேரம் தெரிந்து ஸ்டாண்டுக்கு வருகிற பயணி மாதிரி!

வாட்ச் கட்டாத புழுவுக்கு மணி எப்படித் தெரியும்? நம் தூக்கத்தை வைத்துத்தான். 1881-ல் லண்டனில் ஒரு நோயாளியைப் பகலில் தூங்க வைத்து, ராத்திரி விழிக்க வைத்தார் டாக்டர் மெக்கென்ஸி. கொஞ்ச நாளில் புழுக்களும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டன.

எங்கள் வீட்டுக்குக் 'காட்டேரி' ராத்திரியில் வந்த காரணம் இப்போது புரிகிறதா? பகலில் வந்திருந்தால் என் சீட்டிலும் 'கிருமி இல்லை' என்றே எழுதியிருப்பார்கள். நானும் கொத்தவரங்காய்க் காலோடு தெருவில் திரிந்து, கொசு மூலமாக ஊருக்கே சப்ளை செய்துகொண்டிருந்திருப்பேன்.

பெரியப்பா கொடுத்த கேசரி

1991-ல் பெரியப்பாவுக்குக் குளிர் ஜுரம். தொடை இடுக்கில் நெறி கட்டியது. கால் சிவந்து வீங்கியது. நாலு நாளில் வடிந்தது. மூணு மாசத்தில் மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வீக்கம் மிச்சம் நின்றது. கடைசியில் இடது கால் குழிக்குள் இறங்க மறுத்தது. மிதிகட்டையில் பாதம் நிற்கவில்லை. பாதி நெய்த முகூர்த்தச் சேலை தறியிலேயே கிடந்தது. வீட்டில் மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். பெரியப்பா வேட்டியைத் தரை கூட்டுகிற மாதிரி கட்ட ஆரம்பித்தார்.

ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு தனியார் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தார். சாயந்திரம் ரிப்போர்ட்: 'கிருமி இல்லை.' மனுஷன் தெருவுக்கே கேசரி கொடுத்தார்!

அந்த ரிப்போர்ட்டைப் பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். அவர் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க?"

பெரியப்பா முழித்தார்.

"பகல்ல எடுக்கறதா இருந்தா, டி.ஈ.ஸி. மாத்திரை ஒண்ணு கொடுத்துட்டு, அரைமணி கழிச்சு எடுக்கணும். பதுங்கியிருக்கற குஞ்செல்லாம் மிரண்டு வெளியே ஓடிவரும். அதைச் செய்யல. சரி, ராத்திரியே எடுத்திருந்தாலும் உங்க ரத்தத்துல கிடைச்சிருக்கறது சந்தேகந்தான். கால் வீங்கற கட்டத்துல பெரும்பாலும் ரத்தத்துல குஞ்சு இருக்காதுங்க. கல்யாணம் முடிஞ்சு பந்தலைப் பிரிச்சப்புறம் மொய் எழுத வந்திருக்கீங்க!"

கூர்ந்து கவனித்தால் விஷயமே இதுதான். கிருமி இருந்த எனக்குக் கால் நன்றாக இருந்தது. கால் வீங்கின பெரியப்பாவுக்கு ரத்தம் சுத்தமாக இருந்தது. காலைப் பார்த்து நோயாளியைத் தேடினால் ஊருக்குப் பரப்புகிற ஆள் தப்பிவிடுவான். ரத்தத்தை மட்டும் பார்த்து 'நோய் இல்லை' என்றால் அவதிப்படுகிற ஆள் விட்டுப்போவார். 'இல்லை' என்று சொல்கிற ரிப்போர்ட்டிடம், 'எப்போது பார்த்தாய், எதைப் பார்த்தாய்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். இது யானைக்காலுக்கு மட்டுமல்ல, எந்தத் தொற்று நோய்க்கும் பொருந்தும்.

1979-ல் பெரியப்பா விரலை நீட்டியிருந்தால் தப்பித்திருப்பாரா? தெரியாது. ஆனால் நான் நீட்டினேன், 12 நாள் மாத்திரை விழுங்கினேன், இன்றைக்கும் சன்னதித் தெருவை ரெண்டு காலால் சுற்றி வருகிறேன்.

அந்த டி.ஈ.ஸி. மருந்தின் கதையிலும் நம்மூர் வாசனை உண்டு. 1947-ல் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அது வெளிவந்தபோது அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர்.

யானை என்ன பாவம் செய்தது?

"பேரே யானைக்கால். முதல்ல கோயில் யானைக்கு ஊசி போடுங்கய்யா!" என்று எங்கள் தெருவில் ஒருத்தர் யோசனை சொன்னதுண்டு. யானைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீங்கின கால் பார்க்க அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நாய், பூனையைப் பற்றிக் கேட்டால் அது நல்ல கேள்வி. நாய் ரத்தத்திலும் இதே ஜாதிப் புழுக்கள் உண்டு. அதில் ஒன்று வழி தவறி மனுஷனுக்குள் வந்து, கண்ணின் வெள்ளைப் படலத்துக்கு அடியில் நெளிவதைக் கேரளத்தில் டாக்டர்கள் எடுத்திருக்கிறார்கள். யானைக்கால் உண்டாக்கும் 'ப்ரூஜியா மலாயி' என்ற இன்னொரு புழுவும் இருக்கிறது. அது தென்கிழக்கு ஆசியாவில் பூனை, குரங்குகளிடமும் வாசம் செய்கிறது.

எது யாருடைய புழு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முந்தானையைப் பார்த்து, 'இது எங்க ஊர்ச் சேலை' என்று நெசவாளி சொல்வதில்லையா? அதே மாதிரிதான். மைக்ராஸ்கோப்பில் வாலைப் பார்ப்பார்கள். நம்ம ஊர்ப் புழு ஒரு மெல்லிய உறை போட்டிருக்கும். வால் நுனியில் உட்கருப் புள்ளி இருக்காது. ப்ரூஜியாவும் உறை போட்டிருக்கும். ஆனால் வால் நுனியில் ரெண்டு புள்ளி தனியாகத் தெரியும். நாயின் டைரோஃபைலேரியாவுக்கு உறையே கிடையாது. மனுஷ டாக்டரும் மாட்டு டாக்டரும் ஒரே மைக்ராஸ்கோப்பில் தலையை நுழைக்க வேண்டிய விவகாரம் இது.

இதில் நமக்கு ஒரு நல்ல சேதி. நம்ம ஊர்ப் புழுவுக்கு மனுஷனைத் தவிர வேறு மிருகம் அடைக்கலம் கொடுப்பதில்லை. வெறிநாய்க்கடிக் கிருமி மாதிரி தெருவிலும் காட்டிலும் ஒளிந்துகொள்ள அதற்கு இடமில்லை. நம் ரத்தத்திலிருந்து துரத்திவிட்டால் போச்சு, கதை முடிந்தது. அப்படி முடித்தும் காட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீடான இலங்கை யானைக்காலை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சான்றளித்தது. இந்தியா 2027-ஐக் கெடுவாக வைத்திருக்கிறது.

இப்போது ராத்திரியில் கதவைத் தட்டாமலே சோதிக்கவும் வழி வந்திருக்கிறது. விரலைக் குத்தி, ஒரு பட்டையில் ரெண்டு மூணு சொட்டு ரத்தம். பத்து நிமிஷத்தில் கோடு விழும். உயிரோடு இருக்கிற பெரிய புழு விடுகிற பொருளைத் தேடுகிற சோதனை என்பதால் பகலில் எடுத்தாலும் சொல்லிவிடும். அத்தை இருந்திருந்தால் காட்டேரி பட்டத்தை வாபஸ் வாங்கியிருப்பாள்!

சோப்பும் தண்ணியும்

வீங்கின காலுக்கு என்ன வழி? அந்த டாக்டர் பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்ததில் முக்கியமான சாமான் ஒரு சோப்பு! அடிக்கடி வருகிற ஜுரத்துக்குக் காரணம் பெரும்பாலும் புழு இல்லையாம். விரலிடுக்குப் புண், வெடிப்பு வழியாக நுழைகிற வேறு கிருமிகள்தானாம். தினம் சோப்புப் போட்டுக் காலைக் கழுவ வேண்டும், விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும், புண்ணுக்கு மருந்து, செருப்பு கட்டாயம், படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும், கணுக்காலை அசைத்துப் பயிற்சி.

பெரியம்மா விடவில்லை. காலையில் சுவாமி படத்துக்குப் பூ, அடுத்து பெரியப்பா காலுக்குச் சோப்பு. ஒரு வருஷத்தில் ஜுரம் வருவது நின்றது. வீக்கம் முழுசாகப் போகவில்லை, ஆனால் வளரவில்லை. பாதம் மறுபடி மிதிகட்டையில் நின்றது. மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலையை அவரே நெய்தார். வேட்டியையும் கணுக்காலுக்கு மேலேதான் கட்டிக்கொண்டு நின்றார்.

2004-ல் நாடு பூராவும் யானைக்கால் மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நோய் பரவிய மாவட்டங்களில் சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயாளிகள் தவிர எல்லோருக்கும், வருஷத்துக்கு ஒரு வேளை. "சாப்பிட்டா ஜுரம் வருதாம்" என்று தெருவில் ஒரே புரளி. ஒரு சிலருக்கு வருவது உண்மைதான். மருந்து பட்டு ரத்தத்தில் புழுக்கள் சாகும்போது ஜுரமும் தலைவலியும் வரும். ஜுரம் வந்தவர்தான் மாத்திரைக்கு நன்றி சொல்ல வேண்டும்!

எங்கள் வீட்டுக்கு மாத்திரையோடு ஒரு பெண் வந்தார். கூப்பிடுவதற்கு முன்னாலேயே பெரியப்பா தண்ணிச் சொம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே விழுங்கிவிட்டு, வாயைத் திறந்தும் காட்டினார்.

"என்ன பெரியப்பா, இந்தத் தடவை குழியில இறங்கலியா?" என்றேன்.

"எதுக்குடா? மறுபடியும் கொசு காட்டிக் குடுத்துடும்!"