தாத்தாவின் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

தஞ்சோங் பகாரின் பழைய கழக வீடுகள் சிலவற்றில், அலமாரியில் மடித்த சேலைகளுக்கு அடியில் ஒரு பதக்கம் கிடக்கலாம். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலோ பர்மாவிலோ பணியாற்றிய தாத்தாவுடையதாக இருக்கலாம். 1967ல் தேசிய சேவை தொடங்கிய பின் ஆயுதப் படையில் பணிபுரிந்த அப்பாவுடையதாகவும் இருக்கலாம்.

கருத்துப்போன பதக்கத்தைக் கண்டதும், குத்துவிளக்கைப் போல் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். அது தவறு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் உலோகத்தின் மேற்பரப்பு சிறிது கரைகிறது. இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்ட போர்ப் பதக்கங்கள் பலவற்றின் பின்புறத்திலோ விளிம்பிலோ படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். தேயத் தேய அந்த எழுத்துகள் மறையும். சில குடும்பங்களுக்கு, தாத்தா போருக்குப் போனார் என்பதற்கு அந்த எழுத்துகளைத் தவிர வேறு சான்று இருக்காது.

களிம்பு ஏன் ஏறுகிறது?

பசிபிக் நட்சத்திரம், பர்மா நட்சத்திரம் போன்றவை செம்பும் துத்தநாகமும் கலந்தவை. ஈரக் காற்றும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் உவமை காட்டுவதும் இதே களிம்பைத்தான். வெள்ளிப் பதக்கம் கருப்பதற்குக் காரணம் கந்தக வாயு. கம்பளித் துணி, ரப்பர், சிலவகைப் பசை ஆகியவை அதை வெளிவிடும். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு.

எதில் வைப்பது?

புது மழைக்கோட்டைப் போல் வாடை வீசும் பிவிசி உறைகள் வேண்டாம். நாளடைவில் அவை பிசுபிசுத்து, உலோகத்தை அரிக்கும் பொருள்களை வெளிவிடும். பாலிஎஸ்டர், பாலிஎத்திலீன், பாலிப்புரோப்பிலீன் உறைகள் பாதுகாப்பானவை. அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வைப்பது நல்லது. மரப்பெட்டி அழகாக இருந்தாலும், சில மரங்களின் அமில ஆவி உலோகத்தைக் கெடுக்கும். பல பதக்கங்கள் இருந்தால் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வையுங்கள்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். புகைப்படக் கருவிகளை வைக்கும் உலர்பெட்டி இருந்தால், ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கலாம். பதக்கத்தைத் தொடும்போது கையுறை அணிந்து, விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

நாடாவைத் துவைக்காதீர்கள்; சாயம் கலந்துவிடும். வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளிறிவிடும். அந்துருண்டையையும் பதக்கத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம். களிம்பு பொடியாக உதிர்ந்தால் நீங்களே சுரண்டாமல், பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

பதக்கம் இல்லாத வீடுகள்

1943ல் சிங்கப்பூரில் உருவான ஜான்சி ராணிப் படையிலும், இந்திய தேசிய ராணுவத்தின் மற்றப் பிரிவுகளிலும் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்தனர். பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட அவர்களுக்குப் பிரிட்டிஷ் பதக்கம் கிடைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சட்டைச் சின்னத்துக்கும் இதே கவனம் தேவை. படங்களையும் கடிதங்களையும் உலோகத்தோடு வைக்காமல், தனியாக அமிலமற்ற உறையில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை: பதக்கத்தை இருபுறமும் படமெடுங்கள். யாருடையது, எந்தப் படை, எங்கே பணியாற்றினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பெட்டியில் வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.