கல்லாற்றில் நின்ற மேள வண்டி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போயிருக்கும் அன்பர்களுக்குக் கல்லாறு தெரியாமல் இராது. ஆற்றில் தண்ணீரைவிட உருண்டைக் கல் அதிகம். பெயர்க் காரணம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 22. மலையேறும் வண்டிகள் பெரும்பாலும் கல்லாற்றில் ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் புறப்படும்.

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போயிருந்தேன். என்னோடு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கல்லாற்றில் வீடு கட்டியிருக்கிறார். சாயாக் கடை வாசலில் ஒரு பழைய வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கம்பளி போர்த்திய இரண்டு உருவங்கள். ஆள்தான் படுத்திருக்கிறது என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தவில்கள்!

நாகர்கோவில் பக்கத்து நையாண்டி மேளக் குழு அது. நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம். ஆக ஏழு பேர், டிரைவரோடு எட்டு. மலைமேல் தோட்டத்து லயத்தில் மாரியம்மன் கொடை. பொன்முடி, போனக்காடு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. அம்மனுக்குக் கொடை என்றால் மேளம் ஊரிலிருந்து வந்தாக வேண்டும்.

"தவிலுக்கு ஏன் கம்பளி?" என்று கேட்டேன்.

"நமக்குக் குளிர்ந்தா இருமுவோம் சார். அதுக்குக் குளிர்ந்தா சத்தமே வராது" என்றார் இளைய தவில்காரர்.

விஷயம் இதுதான். தோல் ஈரத்தைக் குடித்தால் தொய்ந்துவிடும். முன்பு தோல் வாரைப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். மழையில் நனைந்துவிட்டால் அன்றைய பாடு திண்டாட்டம். இப்போது இரும்பு வளையம், நட்டு, போல்ட்டு வந்துவிட்டன. சுருதி இறங்கினால் முடுக்கிக் கொள்ளலாம். ஆனால் கனம் கூடிவிட்டது. அவர் பையில் ஒரு ஸ்பானர் இருந்தது. தவிலுக்கா, வண்டிக்கா என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தான் சார்" என்று சிரித்தார்.

குழுத் தலைவர் மூத்த நாகசுரக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். நாகசுரம் உறைக்குள் மடியில் இருந்தது. சீவாளியை மட்டும் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நாணல் தட்டையில் செய்கிற அந்தச் சிறு பொருள் ஒரு தரம் நசுங்கினால் தீர்ந்தது. "வண்டி கவுந்தாலும் இது என்கிட்டே இருக்கணும்" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சங்கடமாகி, "அம்மா காப்பாத்தணும்" என்று மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

பஸ் கூரையில் ஏறிய தவில்

அண்ணாச்சி சிறுவயதில் தாளம் போட வந்தபோது வேன் ஏது? நாகர்கோவிலுக்கு ரயிலே 1979 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை திருவனந்தபுரத்துக்குப் பஸ்தான். கூரையில் கேரியர் இருக்கும். தவிலைப் பாயில் சுருட்டி மேலே கட்டிவிட்டு, கீழே உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை நீட்டிப் பார்ப்பார்களாம். தம்பானூரில் இறங்கி வேறு பஸ். பஸ் நிற்கிற இடத்துக்கு மேல் தலைச்சுமை.

தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக் குழுக்களுக்குச் செங்கோட்டை ரயில் இருந்தது. 1904-ல் போட்ட பாதை. கொல்லம் சீமைத் திருவிழாக்களுக்கு அதில் வந்து இறங்குவார்கள். புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் 2010-ல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2018-ல்தான் திறந்தது. அந்த எட்டு வருஷத்தில் பல குழுக்கள் வேனுக்குப் பழகிவிட்டன என்பது அண்ணாச்சியின் கணக்கு.

"ரயில் நிக்கிற இடத்திலேயா சார் சாமி இருக்கு?" என்றும் கேட்டார். ரயில்வேக்காரனான நான் என்ன பதில் சொல்ல?

இன்றைக்கும் நடந்தே வருகிற மேளமும் உண்டு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை தங்கித் திருவனந்தபுரம் வருகிறார்களே, அந்த ஊர்வலத்தில் வாத்தியம் மனிதனோடு நடந்துதான் வருகிறது.

பாட்டைச் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் கதை கேரளத்தில் புதிதல்ல. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தமிழரிடையே கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடியவர் பாவலர் வரதராஜன். அந்தக் குழுவில் ஊர் ஊராகச் சுற்றிய தம்பிகளில் ஒருவர்தான் பின்னால் இளையராஜா.

நம் இலாகா சங்கதி

ரயிலில் போகும் கலைஞர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பில் தலைக்கு 35 கிலோ, ஸ்லீப்பரில் 40 கிலோ வரை சாமான் இலவசம். பெட்டி என்றால் 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் பிரேக் வேனில்தான் போட வேண்டும். தவில் எந்தப் பெட்டியிலும் 25 சென்டிமீட்டருக்குள் அடங்காது. துணி உறையில் வந்தால் அது பெட்டியா, இல்லையா? பரிசோதகரின் மனதைப் பொறுத்தது. ஸ்பீக்கர் பெட்டிகளைப் பிரேக் வேனில் போடுகிறவர்கள் மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்கான கட்டணத்தையும் கட்டிவிடுவது நல்லது. கட்டாவிட்டால், தொலைந்த சாமானுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்தான் உச்சவரம்பு. நூறு ரூபாய்க்குத் தவிலின் ஒரு வளையம்கூட வராது.

நிகழ்ச்சிக்குப் போகும் கலைஞர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் கட்டணத்தில் முக்கால் பங்கு சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி வேறு பல சலுகைகளோடு அதுவும் நிறுத்தப்பட்டது. சின்னக் குழுவுக்கு ரயிலை விட்டால் வேன். வேனில் ராத்திரி தூக்கம் கிடையாது.

விட்டுப்போன முகூர்த்தம்

இளைய தவில்காரர் முகம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. காரணம் மெதுவாகத் தெரிந்தது. மறுநாள் காலை எட்டு மணி முகூர்த்தம் ஒன்று, களியக்காவிளைப் பக்கம் கல்யாணம், கூப்பிட்டிருந்தார்கள். அண்ணாச்சி முடியாது என்று சொல்லிவிட்டார்.

"கொடை மூணு மணிக்கு முடியும். நாலு மணிக்கு இறங்கினா ஏழரைக்குப் போயிடலாம். ரெண்டு சம்பளம் சார்! ஆனி போனா அப்புறம் ஆடி. ஆடியில் யாரு கல்யாணத்துக்குக் கூப்பிடறா?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. வருகிற சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டிக்கே போகிறது. மிச்சத்தை ஏழு பேர் பிரிக்க வேண்டும். ஒரே வண்டிச் செலவில் இரண்டு கச்சேரி என்றால்தான் கையில் காசு நிற்கும். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்.

அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. "டிரைவர் பகல் பூரா ஓட்டியிருக்கான். ராத்திரி மேளச் சத்தத்திலே கண்ணை மூட முடியாது. நாலு மணிக்கு மஞ்சு மூடியிருக்கும். இருபத்திரண்டு வளைவு. அவன் தூங்கி எழுந்து, வெயில் வந்த பிறகுதான் வண்டி எடுக்கணும். போகும்போது எல்லாரும் வழி கேப்பான், நேரம் கேப்பான். திரும்பி வாறப்போ யாரும் கேக்க மாட்டான்."

அவர் பயம் வீண் பயமல்ல. 2023 ஜூனில் நடிகர் கொல்லம் சுதி வடகரையில் நிகழ்ச்சி முடித்துத் திரும்புகையில் திருச்சூர் மாவட்டம் கைப்பமங்கலத்தில் விடியற்காலை விபத்தில் மறைந்தார். 2024 நவம்பரில் காயங்குளம் நாடகக் குழுவின் மினி பஸ் கண்ணூர் மாவட்டம் கேளகம் அருகே மலைப்பாதையில் கவிழ்ந்து இரண்டு நடிகைகள் இறந்தார்கள்.

இளையவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடிக் கிளாஸைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். ஐந்தரைக்கு வேன் புறப்பட்டது. முதல் வளைவில் கியர் மாறும் சத்தம் கேட்கும் என்றார் நண்பர். அன்று ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் பஸ்ஸுக்காக நின்றேன். எட்டு மணிதான் அந்த முகூர்த்த நேரம். ஒன்பதே காலுக்கு வேன் இறங்கி வந்து அதே கடையில் நின்றது. டிரைவர் முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தார். "நல்லா நடந்துதா?" என்றேன். "அம்மன் ஆடித் தீத்துட்டா" என்றார் பம்பைக்காரர். பூசாரி கொடுத்த தேங்காயும் பழமும் ஒரு சாக்கு நிறைய இருந்தன. ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்தார்கள், எனக்கும் சேர்த்து.

இளைய தவில்காரர் பின்கதவைத் திறந்து தவிலை வெளியே எடுத்தார். கம்பளியை உருவி, வெயில் விழுகிற கல்லின் மேல் வைத்தார். ஸ்பானரை எடுத்து நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அண்ணாச்சியோடு அவர் இன்னும் பேசவில்லை. ஆனால் அவருக்கு வந்த சாயாவில் சர்க்கரை போட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னது இவர்தான்.

"சேட்டா, அண்ணாச்சிக்கு மதுரம் வேண்டா."