எடையும் சுற்றளவும்

இயந்திரம் சொல்லும் விடை

உடல் பருமனைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்து, விடியற்காலையில் நடக்கப் புறப்பட்டு, இரவில் சோற்றைக் குறைத்து, காப்பிக்குச் சர்க்கரை போடுவதையும் நிறுத்திவிட்ட ஒருவர், பத்து நாள் கழித்து எடை இயந்திரத்தின் மேல் ஏறி நின்று, முள் முன்பு நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டு, அத்தனை பிரயாசையும் வீண் என்று முடிவுகட்டி, மறுநாளே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவது நம்மிடையே சர்வ சாதாரணமாக நடக்கிற காரியம். முள்ளின் மீது குற்றமில்லை. சரீரத்தின் மொத்த நிறை இன்ன அளவு என்று அது கூறுமே ஒழிய, அந்த நிறையில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் சக்தி அதற்குக் கிடையாது. மூட்டையைத் தூக்கி நிறுத்தவன், உள்ளே நெல் எத்தனை, பதர் எத்தனை என்று அறியமாட்டான் அல்லவா?

கொழுப்பின் சதவீதத்தையும் காட்டுவதாகச் சொல்லி இப்போது விற்கப்படும் இயந்திரங்கள் இந்தக் குறையைத் தீர்த்துவிடவில்லை. பாதத்தின் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையைக் கொண்டு ஊகிப்பதே அவற்றின் முறையாதலால், உடலில் உள்ள நீர் சிறிது கூடினாலும் குறைந்தாலும் அந்த ஊகமும் மாறிப்போகும்.

நிலையில்லாத நிறை

இத்தாலிய தேசத்துப் பாதுவா நகரில் வைத்தியப் பேராசிரியராக விளங்கிய சான்டோரியோ என்பவர், பெரிய துலாக்கோலில் நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, பல்லாண்டுக் காலம் தம்மையும், தாம் உட்கொண்ட ஆகாரத்தையும், வெளியேற்றிய கழிவையும் நிறுத்துப் பார்த்து, உட்சென்றதற்கும் வெளிவந்ததற்கும் கணக்கு ஒத்துவராததைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத வியர்வையாகவே பெரும்பகுதி பிரிந்துபோகிறது என்று 1614-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். மனிதனை எடைபோடும் சாஸ்திரத்துக்குப் பிதாமகர் என்று கொள்ளத்தக்க அவர் காட்டியதே, நிறையானது ஒரே நாளுக்குள் ஏறியும் இறங்கியும் வருவது என்பதுதான். ரயில் நிலையத்தில் காசு போட்டு, எடையோடு ஜோசியமும் அச்சிட்ட அட்டையை எடுத்துப் பார்த்து மகிழ்ந்த நம் ஜனங்களுக்கு, அவ்விரண்டில் எது அதிக நிலையற்றது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

நாம் உண்ணும் சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் கிடைக்கும் மாச்சத்தில் உடனே செலவாகாத ஒரு பகுதி, கிளைக்கோஜன் என்ற உருவத்தில் ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பு மொத்தத்தில் ஏறக்குறைய 500 கிராம் இருக்கலாம் என்பதையும், அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையும் அறிந்தவர்களுக்கு, சோற்றை அடியோடு நிறுத்திய முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்துவிடும் அதிசயமும், ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு அது அப்படியே திரும்பி வந்துவிடும் அதிசயமும் விளங்கிவிடும். போனதும் வந்ததும் பெரும்பாலும் நீரே. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தாராளமாகச் சேர்ந்த நாளில் உப்பு நீரை உடலில் நிறுத்திவைக்கும். பெண்களில் அநேகருக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் அவ்வாறே நீர் தங்கும். மலச்சிக்கல்கூட முள்ளை நகர்த்தும்.

கொழுப்போ இத்தனை அவசரத்தில் நகர்வதில்லை. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கிய சக்தி சுமார் 7,700 கலோரி; ஒரு மணி நேரம் கைவீசி வேகமாக நடந்தால் செலவாவது, உடல்வாகைப் பொறுத்து, ஏறத்தாழ 250-இலிருந்து 350 கலோரி. ஆகாரத்தில் மாறுதல் செய்யாமல் தினசரி ஒரு மணி நேர நடையினால் மட்டுமே ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க மூன்று நான்கு வாரங்கள் பிடிக்கும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. ஒரு நாளில் ஒரு கிலோ நீர் வந்து போகிற தேகத்தில், ஒரு மாதத்தில் ஒரு கிலோ கரைகிற கொழுப்பைத் தினந்தோறும் முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது வீண் மனக்கலக்கத்துக்கே இடமாகும்.

தசையைப் பற்றிய இரு தவறான எண்ணங்கள்

தேகாப்பியாசம் செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கொழுப்பு குறையும்போதே தசை சிறிது வளர்வதும் உண்டாதலால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிறையை அசையாமல் வைத்துவிடுகின்றன. தசை கொழுப்பைவிடச் சற்று அடர்த்தியானது. ஒரே எடையுள்ள இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கொழுப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிக இடத்தை அடைக்கும். எனவே முள் அசையாதபோதும் சட்டை தளர்வது சாத்தியமே. ஆனால் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, கொழுப்பே தசையாக மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறவர்களையும், பத்து நாள் தண்டால் எடுத்துவிட்டு ஏறிய மூன்று கிலோவும் தசைதான் என்று சமாதானம் அடைகிறவர்களையும் காண்கிறோம். கொழுப்பு தசையாக மாறுவதென்பது கிடையாது. தசையும் அவ்வளவு விரைவில் விளைவதில்லை. இதற்கு நேர்மாறாக, பட்டினி கிடந்து மட்டுமே மெலிந்தவர்களுக்குத் தசையும் சேர்ந்தே கரைகிறது. எடை இயந்திரம் அதையும் லாபக் கணக்கிலேயே எழுதிவிடுகிறது.

புனே வைத்தியரும் லண்டன் வைத்தியரும்

நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் எண்ணைக் கொண்டு பருமனை நிர்ணயிப்பது இப்போதைய வழக்கம். இதன் மூலம் பெல்ஜியத்து வானநூல் வல்லுநர் கேத்தலேயின் ஆராய்ச்சி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தேடியது சராசரி மனிதனின் இலக்கணத்தையே அன்றி, நோயாளியின் கொழுப்பை அல்ல. 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார், உலகெங்கும் பி.எம்.ஐ. என்ற மூன்றெழுத்தில் அது வழங்கலாயிற்று.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைக் காட்ட, புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசும் அளவுகோலும் ஒரே மாதிரி என்று சாதித்த இரண்டு தேகங்களில் ஒன்றில் மற்றதைப்போல் இரு மடங்குக்கு மேல் கொழுப்பு இருந்தது. கைகால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய ஆண்கள் நம் வீதிகளில் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இது அவ்விருவரோடு நின்றுவிடும் விஷயமல்ல என்பது விளங்கும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நம் தேசம் முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளிவந்த ஆய்வும், பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம் என்றும், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம் என்றும் தெரிவித்தது. எடையை மட்டும் பார்த்திருந்தால் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் கவலையின்றியே இருந்திருப்பார்கள்.

வயிற்றுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்

கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டிலும் எங்கே என்பது பிரதானம் என்று 1947-இலேயே மார்செய் நகரத்து வைத்தியர் ழான் வாக் எழுதினார். தொடையிலும் பிருஷ்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு ஒப்புநோக்கச் சாதுவானது. குடலைச் சூழ்ந்து உள்வயிற்றில் சேர்வதோ, ஈரலுக்குச் செல்லும் இரத்தத்தில் தன் கொழுப்பமிலங்களை நேரே கலந்து, இன்சுலின் செவ்வனே வேலை செய்வதற்கு இடையூறு விளைவித்து, நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிகோலுகிறது. 52 நாடுகளில் 27,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2005-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்பின் அபாயத்தைச் சுட்டிக்காட்டுவதில் இடைக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம் பி.எம்.ஐ.யை வெகுதூரம் பின்தள்ளிவிட்டது.

தெற்காசிய மக்களுக்கு வயிற்றுச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வரையறுத்திருக்கிறது. அங்குலத்தில் முறையே முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை என்று கொள்ளலாம். இந்த எண்கள் நினைவில் நிற்காவிட்டால், சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும் என்ற விதி போதும்.

அளக்கும் முறை

தையற்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பே இதற்குப் போதிய கருவி. ஆயினும் நாட்பட்ட துணி டேப்பு இழுபட்டு நீண்டு, அளவைக் குறைத்துக் காட்டும். கண்ணாடியிழை கலந்த புதிய டேப்பு நல்லது. காலையில், கழிவறைக்குச் சென்று வந்தபின், ஆகாரம் கொள்வதற்கு முன், துணியை விலக்கி, பாதங்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டு, அவ்விரண்டுக்கும் நடுமத்தியில் டேப்பைச் சுற்ற வேண்டும். முதுகுப்புறம் அது சரிந்துவிடாமல் கிடைமட்டமாக இருக்கிறதா என்பதைக் கண்ணாடியிலோ வீட்டாரைக் கொண்டோ பார்த்துக்கொள்ள வேண்டும். டேப்பு தோலைத் தொட வேண்டுமே ஒழிய அழுத்தலாகாது. சாதாரணமாக மூச்சு விட்ட முடிவில் எண்ணைப் படிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர் ஏமாற்றுவது தம்மையே. இருமுறை அளந்து, வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் மீண்டும் அளந்து, தேதியிட்டு எழுதிவைக்கலாம்.

பிருஷ்டத்தின் மிக அகன்ற இடம், தொடை, மேற்கை ஆகியவற்றையும் அளப்பது உற்சாகத்துக்கு உதவும். எனினும் எல்லாவற்றையும் அளக்கப் பொறுமை இல்லாதவர் வயிறு ஒன்றை மட்டும் விடாமல் அளந்துவந்தால் போதும் என்பதே என் அபிப்பிராயம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அளப்பதில் பிரயோஜனமில்லை. கொழுப்பு உண்மையாகவே கரையும்போது, ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வயிறு சுருங்கும் என்று உத்தேசமாகக் கொள்ளலாம். எடை குறைந்துகொண்டே போய், வயிறு அப்படியே இருக்குமானால், கரைவது எது என்று சந்தேகிக்க வேண்டும்.

டேப்பு இல்லாதவர்களுக்கு உடையும் ஓரளவு சாட்சி சொல்லும். பெண்கள் தையற்காரரிடம் கொடுக்கும் அளவு ரவிக்கை நம்பத்தகுந்த ஆவணம். ஆண்களின் கால்சட்டை அவ்வாறல்ல. தொந்திக்குக் கீழே இறக்கி அணிவதால், வயிறு நாற்பது அங்குலம் ஆன பின்னும் அது முப்பத்து நான்கு என்றே பொய்ச்சாட்சி கூறும். வேட்டியோ யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

விதிவிலக்குகள்

கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது. இதயம் பலவீனப்பட்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் எடை இயந்திரத்தை ஒருநாளும் கைவிடக் கூடாது. அவர்களுக்கு நீர் ஏறுவதே ஆபத்தின் அறிகுறி, இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். முதியவர்களுக்கோ வயிற்றோடு கெண்டைக்காலையும் அளப்பது அவசியம். ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசை தேய்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்திருக்கிறது. எவ்விதப் பத்தியமும் தேகாப்பியாசமும் இன்றியே ஆறு மாதத்தில் எடை இருபதில் ஒரு பங்கு குறைந்துபோனவர் அதைப் பாக்கியம் என்று கருதாமல், நீரிழிவோ, தைராய்டு கோளாறோ, காசநோயோ, புற்றுநோயோ காரணமா என்று தாமதமின்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மூர் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளி நுழைந்ததும் எடை பார்க்கிறார்கள்; வயிற்றை அளப்பவர்கள் சொற்பம். அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது, சீட்டில் எடைக்குப் பக்கத்தில் வயிற்றுச் சுற்றளவையும் அளந்து எழுதித் தரும்படி வாசகர்கள் கூசாமல் கேட்டுப் பெறவேண்டும்.