குளோரினைக் கழற்றும் பாக்டீரியா

புதிதாக வர்ணம் பூசிய அறைக்குள் நுழைந்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது அல்லவா? வர்ணத்தில் கலந்துள்ள கரைப்பான் ஆவியாகி உங்களை எட்டியதே அதற்குக் காரணம். சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும் இத்தகைய கார்பன் கூட்டுப்பொருள்களை ‘ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்’ என்பர். திறந்த வெளியில் இவை காற்றில் கலந்து பரவிவிடும். மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் சேர்ந்துவிட்டாலோ, தப்பிச் செல்ல வழியின்றிப் பல ஆண்டுகள் அங்கேயே தங்கக்கூடும்.

இவற்றுள் ஒன்று டிரைகுளோரோஎத்திலீன். உலோகப் பாகங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்க, இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளிலும் விமானப்படைத் தளங்களிலும் இதனைப் பெருமளவில் பயன்படுத்தினர். சிந்தியதும் கழிவாகக் கொட்டியதும் மண்ணில் இறங்கின. இதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆகவே இது எண்ணெயைப்போல் மிதக்காது. நீரையும் கடந்து அடியில் சென்று தேங்கும். அங்கிருந்து சிறிது சிறிதாகக் கரையும். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. எனவே ஒரு லிட்டர் குடிநீரில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நாட்டு விதி. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம், 2,00,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்!

நீரை இறைத்துச் சுத்தம் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். இறைக்க இறைக்க, அடியில் தேங்கியிருப்பது மேலும் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே, நஞ்சு இருக்கும் இடத்திலேயே அதனைச் சிதைக்கும் உயிர்களை அறிவியலார் நாடினர்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் உடலுக்குள் என்ன செய்கிறது? உணவிலிருந்து விடுபடும் எலக்ட்ரான்களை இறுதியில் ஏற்றுக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாத நிலத்தடியில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு இவ்வேலையைக் குளோரின் சேர்மங்களே செய்கின்றன. எலக்ட்ரான்களை ஏற்கும்போது சேர்மத்திலிருந்து ஒரு குளோரின் அணு கழன்று, அதன் இடத்தில் ஒரு ஹைட்ரஜன் அணு அமர்கிறது.

டிரைகுளோரோஎத்திலீன் மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்கள் உள்ளன. ஒன்று கழன்றால் கிடைப்பது டைகுளோரோஎத்திலீன். இரண்டு கழன்றால் வினைல் குளோரைடு. மூன்றும் கழன்றால் எத்திலீன். காய்கள் பழுக்கும்போது வெளிவிடும் அதே வாயுதான் எத்திலீன். இதனால் நிலத்தடி நீருக்குக் கேடில்லை. ஆபத்து நடுவழியில் இருக்கிறது. வினைல் குளோரைடும் புற்றுநோயை உண்டாக்குவதே. குடிநீரில் அதற்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் மட்டுமே. வேலை அங்கே நின்றுபோனால், தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று எண்ணும்படி ஆகிவிடும்!

முதல் குளோரினைக் கழற்றப் பலவகைப் பாக்டீரியாக்களால் முடியும். கடைசிவரை செல்லக்கூடியவை மிகச் சிலவே. அத்தகைய ஒன்றை 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனியே பிரித்தெடுத்தனர். டீஹாலோகாக்காய்டிஸ் என்பது அதன் பெயர். ஹைட்ரஜனே அதற்கு எலக்ட்ரான்களை வழங்கும் உணவு.

இத்தகைய பாக்டீரியாவின் தேவையை டெலாவேர் மாநிலத்து டோவர் விமானப்படைத் தளத்தில் நடந்த சோதனை நன்கு காட்டியது. அதன் முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளியாயின. அங்கே நிலத்தடி நீரில் லாக்டேட்டைச் செலுத்தினர். தயிருக்குப் புளிப்பூட்டும் லாக்டிக் அமிலத்தின் உப்பு இது. மண்ணிலுள்ள வேறு பாக்டீரியாக்கள் இதனை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். 269 நாட்கள் ஆயின. டிரைகுளோரோஎத்திலீன், டைகுளோரோஎத்திலீனாக மாறியதோடு சரி. பந்தி விரித்தாயிற்று, உண்ண வேண்டியவர் வரவில்லை!

269-ஆம் நாள், ஃபுளோரிடா மாநிலத்தில் இதேபோல் மாசடைந்த ஓர் இடத்திலிருந்து பெற்று வளர்த்த பாக்டீரியாக் கலவையை உள்ளே செலுத்தினர். ஏறத்தாழ 90 நாட்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு வினைல் குளோரைடும் எத்திலீனும் தோன்றின. 509-ஆம் நாளுக்குள், சோதனைப் பகுதியிலிருந்த டிரைகுளோரோஎத்திலீனும் டைகுளோரோஎத்திலீனும் முற்றிலும் எத்திலீனாக மாறிவிட்டன.

இன்று இத்தகைய இடங்களில், வினைல் குளோரைடைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு அங்குள்ள பாக்டீரியாக்களிடம் இருக்கிறதா என்று நிலத்தடி நீரின் மாதிரியை எடுத்துச் சோதிக்க முடிகிறது. இல்லையெனில் வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவர வேண்டும். மாணவர்களே, ஒரு மாசு மறைந்தது என்று எங்கேனும் படித்தால், அது எதுவாக மாறியது என்பதையும் கேளுங்கள்.