அகலமான ரயர் எல்லாம் நல்ல ரயரா?

மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் விரையக்கூடிய ஒரு காரை வீதியோடு பிணைத்து வைத்திருப்பது எது என்று கேட்டால், இயந்திரம் என்பார் சிலர். பிறேக் என்பார் வேறு சிலர். உண்மையில் அந்தப் பொறுப்பைச் சுமப்பவை ரயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு பரப்புகளே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவுதான். இயந்திரத்தின் வலுவும் பிறேக்கின் பிடியும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே வீதியைச் சென்றடைகின்றன.

புதிதாக வாங்க எட்டாத விலையிலிருந்த வேகக் கார்கள், பத்து இருபது ஆண்டுகளின் பின் கைமாறி வரும்போது நம் இளைஞர்களின் கைக்கு எட்டுகின்றன. வாங்கிய சில மாதங்களில் ரயர் தேய்ந்துவிடும். அப்போது எழுகின்ற முதல் ஆசை, "இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டால் என்ன?" என்பதுதான். காப்புறுதிக் கட்டணம் குறையும் என்பதற்காகப் பிள்ளையின் காரைத் தந்தையின் பெயரில் பதிவு செய்கின்ற குடும்பங்களும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வி இளைஞரை மட்டும் சார்ந்ததன்று. பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியது.

எண்களைப் படிக்கும் முறை

ரயரின் பக்கச் சுவரில் 225/45 ஆர் 18 என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 225 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீற்றர் அன்று, அகலத்தில் 45 வீதம். 18 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றையும் கொண்டு ரயரின் முழு விட்டத்தை எவரும் கணக்கிடலாம். 225இல் 45 வீதம் 101.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், 202.5 மி.மீ. பதினெட்டு அங்குலம் 457.2 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 659.7 மி.மீ.

அளவையடுத்து வரும் இலக்கமும் எழுத்தும் அதேயளவு முக்கியமானவை. 91 என்றால் அந்த ரயர் தாங்கக்கூடிய சுமை 615 கிலோ; 95 என்றால் 690 கிலோ. 'வி' என்ற எழுத்து மணிக்கு 240 கி.மீ. வரையும், 'டபிள்யூ' 270 கி.மீ. வரையும், 'வை' 300 கி.மீ. வரையும் தாங்கும் என்பதைக் குறிக்கும். 250 கி.மீ. ஓடக்கூடிய காருக்கு, விலை குறைவு என்பதற்காக 'வி' குறியிட்ட கோடைகால ரயரைப் பூட்டுவது சட்டப்படியும் பிழை, அறிவுப்படியும் பிழை.

பொறியியலாளர் போட்ட கணக்கு

2000ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை விற்பனையான, 343 குதிரைவலு கொண்ட பி.எம்.டபிள்யூ. எம் 3 காரை எடுத்துக்கொள்வோம். அதன் வழமையான ரயர்கள் முன்னே 225/45 ஆர் 18, பின்னே 255/40 ஆர் 18. மேலதிகக் கட்டணத்துக்கு வழங்கப்பட்ட 19 அங்குலச் சில்லுகளில் முன்னே 225/40, பின்னே 255/35. பார்வைக்கு இவை நான்கு வெவ்வேறு அளவுகள். ஆனால் மேலே கண்ட முறைப்படி விட்டத்தைக் கணக்கிட்டால் முறையே 659.7, 661.2, 662.6, 661.1 மி.மீ. என்று வரும். நான்குக்கும் இடையிலான மிகப்பெரிய வேறுபாடு மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு.

இது தற்செயலன்று. றிம் பெரிதானால் பக்கச் சுவர் குறைய வேண்டும். அகலம் கூடினால் வீதம் குறைய வேண்டும். முழு விட்டம் மட்டும் மாறக்கூடாது. மாற்று ரயர் தேர்வின் முதல் விதி இதுவே.

விதியை மறந்தால் நேர்வது

அதே காரின் பின்புறத்தில், கடையில் மலிவாகக் கிடைத்தது என்று 255/45 ஆர் 18 பூட்டப்பட்டால் விட்டம் 686.7 மி.மீ. ஆகிவிடும். அதாவது 25.5 மி.மீ. கூடுதல், ஏறத்தாழ 4 வீதம். பின்சில்லிலிருந்து வேகத்தை அளக்கும் காரில், வேகமானி முன்னர் காட்டியதைவிட அவ்வளவு வீதம் குறைத்துக் காட்டும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. கமெராவில் சிக்கிய பின்னர் ரயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பிறேக் பூட்டுத் தடுப்பும், கார் வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பும் நான்கு சில்லுகளின் சுழற்சி வேகத்தையும் ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கின்றன. முன்சில்லும் பின்சில்லும் எப்போதும் 4 வீத வேறுபாட்டில் சுழன்றால், வழுக்கல் இல்லாதபோது வழுக்கல் என்றும், உண்மையில் வழுக்கும்போது தாமதமாகவும் அந்த அமைப்பு கருத இடமுண்டு.

இன்னொரு வழமையான ஆசை, பின்னே 275/35 ஆர் 18. இங்கே விட்டம் 649.7 மி.மீ.; 11.5 மி.மீ. குறைவு. விட்ட வேறுபாடு சிறிதுதான். ஆனால் இந்தக் காரின் பின் றிம்மின் அகலம் 9 அங்குலம். 275 ரயருக்கு அது ஏற்கத்தக்க குறைந்தபட்ச அகலம். குறுகிய றிம்மில் அகன்ற ரயர் பூட்டப்பட்டால் பக்கச் சுவர் உட்புறமாக இழுபட்டு, வளைவுகளில் ரயர் தளம்பும். அகலத்துக்காகக் கொடுத்த பணம் பிடியாகத் திரும்பி வராது.

முன், பின் சமநிலையும் உண்டு. பின்புறத்தில் மட்டும் பிடி கூடினால், வளைவில் திருப்பும்போது கார் திரும்ப மறுத்து நேரே செல்ல முனையும். முன்புறத்தில் மட்டும் கூட்டினால், பின்புறம் பிடி இழந்து சுழல முனையும். ஈரமான வீதியில் இன்னொன்றும் சேரும். அகலமான ரயர் கூடுதலான தண்ணீரை விலக்க வேண்டியிருப்பதால், அது தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது. மழைநாளில் ஓட்டோபானில் இதன் பொருள் சொல்லத் தேவையில்லை.

நான்கு சில்லும் இயங்கும் கார்கள்

போர்ஷ 911 கரேரா 4 போன்று நான்கு சில்லுகளுக்கும் வலு செல்லும் கார்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். புதிய ரயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மி.மீ.; தேய்ந்ததில் 3 மி.மீ. மீதி என்றால், அளவு ஒன்றாக இருந்தும் விட்டத்தில் 10 மி.மீ. வேறுபாடு வந்துவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் வலுவைப் பகிரும் பொறி இடைவிடாது உழைக்க நேரும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் தேய்மான வேறுபாட்டைக் கைநூலில் பார்த்த பின்னரே இரண்டை மட்டும் மாற்ற வேண்டும்.

போர்ஷ நிறுவனம் தான் சோதித்து ஏற்ற ரயர்களில் என் 0, என் 1, என் 2 என்று குறி இடப்பட்டிருக்கும். பி.எம்.டபிள்யூ.வுக்கு அது ஒரு நட்சத்திரக் குறி. ஒரே அளவு, ஒரே பெயர் கொண்ட ரயராயினும், குறியுள்ளதும் இல்லாததும் கலவையிலும் உட்கட்டமைப்பிலும் வேறுபடலாம். ஆகவே நான்கிலும் ஒரே குறி இருப்பது நல்லது.

பத்திரம் என்ன சொல்கிறது?

ஜேர்மனியில் நம்மவர் 'பார்சொய்க்சைன்' என்று சொல்லும் பதிவுப் பத்திரத்தில் ரயர் அளவு எழுதப்பட்டிருக்கும். 2005 ஒக்ரோபருக்குப் பின் வழங்கப்பட்ட பத்திரங்களில் ஓர் அளவு மட்டுமே அச்சாகிறது. அனுமதிக்கப்பட்ட ஏனைய அளவுகள் காரோடு வரும் ஐரோப்பிய இணக்கச் சான்றிதழில் இருக்கும். பழைய காரை வாங்குபவர் அதனையும் கேட்டுப் பெற வேண்டும். அங்கேயும் இல்லாத அளவைப் பூட்ட விரும்பினால், 'ரியூவ்' போன்ற பரிசோதனை நிலையத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.

ஒப்புதலின்றி ஆபத்தை விளைவிக்கக்கூடிய மாற்றம் செய்தால், வாகனத்தின் இயக்க அனுமதியே அற்றுப்போகலாம். அந்நிலையில் ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்ட அனுமதித்த பதிவு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுத்துவிட்டு, அதில் ஒரு பங்கைக் காப்புறுதி எடுத்தவரிடம் திருப்பிக் கேட்கவும் இடமுண்டு. தந்தையின் பெயரில் கார் இருந்தால், கடிதம் வருவது தந்தைக்கே.

அளவு சரி, வயது?

வேகக் கார்கள் பெரும்பாலும் குறைவாகவே ஓடுகின்றன. பள்ளம் தேயாது; ஆனால் இறப்பர் இறுகிப் பிடியை இழந்துவிடும். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. எழுத்துக்களின் முடிவில் வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகளின் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டுகளில் பள்ளம் மீதியிருந்தாலும் மாற்றிவிடவும் மிஷெலின் நிறுவனம் கூறுகிறது.

2013 நவம்பர் 30ஆம் திகதி கலிபோர்ணியாவில் நடிகர் போல் வோக்கர் பயணித்த போர்ஷ கரேரா ஜி.ரி. விபத்துக்குள்ளாகி, அவரும் காரை ஓட்டிய நண்பரும் உயிரிழந்தனர். விபத்துக்கு அதிவேகமே காரணம் என்று 2014இல் வெளியான விசாரணை முடிவு தெரிவித்தது. அதே முடிவு, ரயர்கள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பழமையானவை என்பதையும், அது காரைக் கையாள்வதைப் பாதித்திருக்கலாம் என்பதையும் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

எனவே ரயர் மாற்றச் செல்பவர் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவது நன்று. முதலில் பத்திரமும் சான்றிதழும். அடுத்து விட்டக் கணக்கு. முன்னும் பின்னும் தனித்தனியாக. அதன்பின் சுமை இலக்கம், வேக எழுத்து, றிம்மின் அகலம். பின்னர் தயாரிப்பாளரின் ஒப்புதற் குறி. கடைசியில் செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். இவை அனைத்தும் பொருந்திய பின்னர் விலையைப் பேசலாம். அழகும் அகலமும் அதற்கும் பின்னரே.