பக்கத்து ஆசனத்து அந்நியர்

வீட்டு வாசலில் வந்து நிற்கும் விருந்தினரை எவ்வாறு வரவேற்பது என்பதை மலைநாட்டாருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒற்றை அறை லயத்திலே குடியிருப்பவரும் வந்தவருக்குப் பாயை விரித்து, தேத்தண்ணீர் கொடுத்து, பிறகே வந்த காரியம் என்னவென்று விசாரிப்பர். ஆனால் பஸ் வண்டியிலோ புகையிரதத்திலோ நம் பக்கத்து ஆசனத்தில் வந்து அமர்கிற அந்நியரின் விஷயம் வேறு. அங்கே வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை. சீட்டு வாங்கிய எல்லோரும் சமமே. யார் யாருக்கு இடம் விட்டுக்கொடுப்பது, எது தகும், எது தகாது என்பவை எந்தச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை. ஊர்க்காரர் பழக்கத்தினால் அறிவர். பிற தேசத்தார் அறியார். இதனால் விளையும் மனவருத்தங்களையும் ஆபத்துக்களையும் குறித்து நம் வாசகர்களுடன் இன்று சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம்.

பதுளைப் பாதை

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்து, 1924ஆம் ஆண்டிலேதான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. பட்டிப்பொலைக்கு அருகே 6,226 அடி உயரத்தில் உச்சியைத் தொட்டு, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று இறங்கி, தெமோதரையில் மலையைச் சுற்றி வளைத்து, தான் நின்று வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து செல்லும் விந்தையான பாதை இது. தோட்டங்களின் தேயிலை துறைமுகத்தை அடைவதற்கென்றே வெள்ளையர் ஆட்சியில் இது மலைமேல் ஏற்றப்பட்டது. ஆயினும் நாளடைவில், பாதையோரத் தோட்ட மக்களுக்கு இதுவே பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியாகவும், பிள்ளைகள் படிக்கப் போகும் வழியாகவும், கொழும்பில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வீடு திரும்பும் வழியாகவும் ஆயிற்று.

இன்று இதே வண்டியில் உலகின் பல திசைகளிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படத்திலே கண்டு, நேரிலே காண விழைந்து வருபவர் அநேகர். அவர்கள் வரவால் நம் ஊருக்கு வருவாய் உண்டு. நமக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் ஒரே வண்டி ஒருவருக்குக் காட்சியாகவும் மற்றொருவருக்கு வாழ்க்கையாகவும் அமைந்துவிட்டது என்பதை இருதரப்பாரும் மறக்கலாகாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், பல உயிர்களைப் பலிகொண்ட டிட்வா புயல் இப்பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. அப்போது காண வந்தவர்கள் இழந்தது ஒருநாள் காட்சியை. இம்மக்கள் இழந்ததோ தங்கள் அன்றாட வழியை.

வாசற்படி யாருக்கு?

மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசற்படியில் இருவர் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கின்றனர். மூன்றாமவர் கைப்பிடியைப் பற்றி வெளியே சாய்ந்து நிற்க, நான்காமவர் அவரைப் படம் பிடிக்கிறார். வண்டி நிலையத்தில் நிற்கும் நேரமோ மிகக் குறைவு. கைக்குழந்தையும் மருந்துச் சீட்டுமாக ஏறவேண்டிய தாய், இந்நால்வரையும் தாண்டி உள்ளே போகவேண்டும். அவளுக்கு ஆங்கிலம் வராது. அவர்களுக்குத் தமிழோ சிங்களமோ தெரியாது. அவள் அடுத்த வாசலைத் தேடி ஓடுகிறாள். வந்தவர்கள் வேண்டுமென்று செய்தார்களில்லை. வாசல் என்பது ஏறி இறங்குபவர்க்கு உரியது என்பதை அவர்களிடம் சொன்னவர் இல்லை.

இதில் உயிராபத்தும் உண்டு. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பதுளைக்கும் ஹாலிஎலவுக்கும் இடையே, ஓடும் வண்டியிலிருந்து வெளியே சாய்ந்த ருஷ்ய நாட்டுப் பெண்மணி ஒருவர் பாதையோரப் பாறையில் தலைமோதி உயிரிழந்தார். பாறையைக் குடைந்தும் செதுக்கியும் இட்ட பாதையில், வண்டிக்கும் மலைக்கும் இடையே உள்ள வெளி எவ்வளவு சிறிது என்பது முதன்முறை வருபவருக்கு எவ்வாறு தெரியும்? அறிந்தவர் ஒருவர் கையைக் காட்டி, உள்ளே வாருங்கள் என்று சைகை செய்வதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை.

படம் பிடிப்பதிலும் ஒரு வரம்பு வேண்டும். மலையைப் படம் பிடிக்க யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை; மனிதர் விஷயம் அப்படியன்று. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணும், ஜன்னலோரம் உறங்கும் குழந்தையும் காட்சிப் பொருள்களல்லர். முகத்தைப் பார்த்து, கருவியைக் காட்டி, தலையசைத்துக் கேட்டால் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பர்; சம்மதியாதவரை விட்டுவிடுவதே பண்பு.

எழுதாத சட்டங்கள்

பஸ் வண்டிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியதிலிருந்து, பசறை, லுணுகலை, மடுல்சீமை மலைச்சாலைகளில் ஏறி இறங்கும் பஸ் வண்டிகள் தோட்டத்தையும் பட்டினத்தையும் இணைத்து வருகின்றன. இவ்வண்டிகளில் முன்வரிசை ஆசனம் மதகுருமாருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே காலி இடத்தைக் கண்டு அமரும் வெளிநாட்டார், பிக்கு ஒருவர் ஏறியதும் எல்லோரும் தம்மை ஏன் நோக்குகின்றனர் என்று விளங்காமல் திகைப்பர். அமர்ந்திருப்பவர் பெண்ணாயின் சங்கடம் இன்னும் அதிகம். பெண்ணின் பக்கத்தில் பிக்கு அமர்வது வழக்கமில்லை. அருகிலிருப்பவர் மெல்ல எடுத்துச் சொன்னால் அந்தக் கணமே விஷயம் தீர்ந்துவிடும்.

மற்றொரு வழக்கம் நாம் பெருமைப்படத் தக்கது. நெரிசலில் நிற்கும் பாடசாலைப் பிள்ளையின் புத்தகப் பையை, உட்கார்ந்திருப்பவர் கை நீட்டி வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்வார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, இறங்குமிடம் வந்ததும் பை திரும்பிப் போய்விடும். முதன்முறை காணும் அந்நியரோ தம் பையைப் பிடுங்குகிறார்கள் என்று அஞ்சி இறுகப் பற்றிக்கொள்வார். அதைக் கண்டு நாம் கோபிப்பதில் நியாயமில்லை. அவர் ஊரில் பிறர் பையைத் தொடுவதே குற்றமாக இருக்கக்கூடும்.

நாம் கடல் கடந்தால்

இதே தடுமாற்றம் நமக்கும் நேர்வதுண்டு. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து, ஊவாத் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் புகையிரதத்தில் தலைமன்னார் சென்று, கப்பலேறித் தமிழ்நாட்டை அடைந்தன. அவர்களுள் பலர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அக்கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றுபோயிற்று, உறவு நிற்கவில்லை. இன்று விமானத்தில் சென்று உறவினரைக் காண்போர், தமிழ்நாட்டுப் பஸ் வண்டியில் பெண்களுக்கென்று தனி ஆசனங்கள் இருப்பதைக் காண்பர். நம் நாட்டு வழக்கப்படி காலியான இடத்தில் அமரும் ஆண்மகன், சற்று நேரத்தில் கண்டக்டரின் கண்டிப்புக்கு ஆளாக நேரிடும். பாஷை ஒன்றே, வண்டியின் வழக்கமோ வேறு.

மேற்காசிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகளும் சகோதரர்களும் அறியவேண்டியவையும் உண்டு. துபாய் மெட்ரோ வண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி உண்டு; அங்கே நுழையும் ஆணுக்கு அபராதம். வண்டிக்குள் உண்பதற்கும் அபராதம். சிங்கப்பூரில் ரயிலுக்குள் உண்பதும் பருகுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. ஜப்பானில் வண்டிக்குள் தொலைபேசியில் உரையாடுவது பிறரைத் துன்புறுத்துவதாகக் கருதப்படும். லண்டன் சுரங்க ரயில் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் நிற்பவர் வலப்புறம் ஒதுங்கி, விரைபவருக்கு இடப்புறத்தை விடவேண்டும்.

நாம் அன்பென்று எண்ணுவதும் வேற்றூரில் வேறு பொருள் கொள்ளும். பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்திலிருப்பவருக்கு ஒரு வடையை நீட்டுவது நம் இயல்பு. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன சம்பளம் என்று விசாரிப்பதும் அவ்வாறே. பல தேசங்களில் இவை அத்துமீறலாகத் தோன்றும். ஆகவே, புதிய ஊரில் ஏறியதும் முதற் பத்து நிமிடம் வாயை அடக்கிக் கண்ணைத் திறந்துவைப்பது நலம். ஊரார் எங்கே நிற்கின்றனர், எவ்வளவு உரக்கப் பேசுகின்றனர், யாருக்காக எழுகின்றனர் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், மீதியைக் கேட்டுக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக் குறை

பிறர்க்குப் புத்தி சொல்லுமுன் நம்மையும் பார்த்துக்கொள்வோம். ஜன்னல் வழியே துப்பும் வெற்றிலைச் சாறு பின் ஜன்னலில் இருப்பவரின் உடையில் விழுகிறது. கைத்தொலைபேசியில் ஒருவர் போடும் பாட்டை வண்டி முழுவதும் கேட்கவேண்டியிருக்கிறது. ஏறாதவருக்காக ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்க, முன்னரே ஏறிய முதியவர் நின்றுகொண்டு வருகிறார்.

இவையெல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015ஆம் ஆண்டில் இலங்கையில் நடத்திய ஆய்வில், விசாரிக்கப்பட்ட பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியல் தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். ஆடைத் தொழிற்சாலைக்கோ உயர்கல்விக்கோ தோட்டத்தை விட்டு வெளியே செல்லும் நம் பெண்ணின் முதற் சோதனை அந்த வண்டியிலேயே தொடங்கிவிடுகிறது. நெரிசலின் மறைவில் ஒருவன் அத்துமீறும்போது, கண்டும் காணாதவர்போல் ஜன்னலைப் பார்த்திருப்பவர் அவனுக்குத் துணைபோகிறார். ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, தள்ளி நில்லுங்கள்” என்று உரத்துச் சொன்னால் போதும். வண்டி முழுவதும் அவர் பக்கம் திரும்பும். அந்தப் பெண்ணுக்குத் தம் ஆசனத்தைக் கொடுப்பது அதனினும் நன்று.

அந்நியருக்கு வழி சொல்வதும், ஏறுகிற தாய்க்கு வாசலை விடுவதும், தொல்லைப்படும் பெண்ணுக்காகக் குரல் கொடுப்பதும் ஒரே பண்பின் வேறு வேறு உருவங்கள் என்பதே நம் கருத்து. வீடுதோறும் பெற்றோர், பிள்ளைகளைப் பாடசாலை பஸ்ஸில் ஏற்றும்போது சில்லறையை எண்ணிக் கொடுப்பது போலவே இதையும் சொல்லிக்கொடுப்பார்களாக: இறங்குபவர் முதலில் இறங்கட்டும், நிற்பவரின் பையை வாங்கிக்கொள், வழி தெரியாமல் விழிப்பவரைக் கண்டால் நீயே முதலில் பேசு.