மார்கழிக் குளிரும் முப்பது வருஷப் பேரேடும்

மார்கழி விடியலில் ஈஜிபுராவில் என் கடைக்கு வருவோர், "என்ன குளிரு ஐயா! உலகம் சூடாகுதுன்னு சொல்றதெல்லாம் பொய்தானே?" என்பார்கள்.

அன்பர்களே, இக்குளிருக்கு இயற்கைக் காரணங்கள் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரம். மேகமில்லா இரவில் நிலத்தின் சூடு விண்ணுக்கு ஏறிவிடும். 1884 ஜனவரி 13 அன்று இங்கே 7.8 டிகிரி வரை இறங்கியது.

எரிமலையும் குளிர்விக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்துக் கக்கிய கந்தகம் வெயிலை மறைக்க, பூமி ஏறக்குறைய அரை டிகிரி தணிந்தது. சில ஆண்டுகளில் அது கலைந்துவிட்டது. நாம் எரிக்கும் கரி, பெட்ரோல் விடும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும்.

ஒருநாள் கல்லாவைப் பார்த்து வருஷ லாபம் சொல்லலாமா? பருவநிலைக்கு முப்பது வருஷப் பேரேடு பார்ப்பது வழக்கம். அதில் சூடு ஏறித்தான் வருகிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகளிடம் மட்டும் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள்.